பாதியில் நின்ற ஆட்டம்: பழைய அனிமே படமாகத் திரும்பும்போது ரசிகர்கள் ஏன் இப்படிப் பதறுகிறார்கள்?

2022 நவம்பர் தொடக்கத்தில் ஜப்பானில் அனிமே, அதாவது ஜப்பானிய கார்ட்டூன், ரசிகர்கள் கொதித்துப் போனார்கள். 'தி ஃபர்ஸ்ட் ஸ்லாம் டங்க்' படம் வெளியாக ஒரு மாதம்கூட முழுசாக இல்லை. அப்போதுதான் குரல் நடிகர்களின் பெயர்களை அறிவித்தார்கள். ஷோஹோகு பள்ளிக் கூடைப்பந்து அணியின் ஐந்து ஆட்டக்காரர்களுக்கும் புதுக் குரல். தொண்ணூறுகளில் வந்த தொலைக்காட்சித் தொடரில் நாயகன் சகுராகி ஹனமிச்சியாகக் கத்திக் கலாட்டா செய்த குசாவோ டகேஷி இல்லை. அணியின் இன்னொரு ஆட்டக்காரன் ருகாவாவுக்கு மிடோரிகாவா ஹிகாரு இல்லை. சகுராகிக்குப் பேசப்போவது கிமுரா சுபாரு. ஜப்பானிய 'டோரேமான்' தொடரில் பல வருடங்களாக ஜியானுக்குக் குரல் கொடுப்பவர் அவர். சகுராகி வாயைத் திறந்தாலே ஜியான் நினைவுதான் வரும் என்று ஒரு பக்கம் கேலி. முன்கூட்டியே டிக்கெட்டை விற்றுவிட்டு இதை இப்போது வந்து சொல்கிறீர்களே, இது நியாயமா என்று இன்னொரு பக்கம் கோபம்.

தொலைக்காட்சித் தொடர் முடிந்து 26 வருடம் ஆகியிருந்தது. 1993இல் பத்து வயதில் அதைப் பார்த்த பையனுக்கு இப்போது நாற்பதை நெருங்கும் வயது. வேலை, குடும்பம் என்று ஆகிவிட்ட மனிதர்கள் ஒரு கார்ட்டூன் பாத்திரத்தின் குரலுக்காக இப்படிச் சண்டை போட்டதை வேடிக்கையாகப் பார்த்தவர்களும் உண்டு. எனக்கு அது வேடிக்கையாகத் தெரியவில்லை. பழைய அனிமே படமாக வருகிறது என்ற செய்தி கேட்டதும் எழுகிற ஆவலில் பாதி பயம்தான். கெடுத்துவிடுவார்களோ, வெறுமனே பேரை வைத்துக் காசு பார்த்துவிட்டுப் போய்விடுவார்களோ என்ற பயம். இந்தப் பயத்தைக் கணக்கில் எடுத்துக்கொள்ளாமல் அந்தக் கொண்டாட்டத்தை விளங்கிக்கொள்ள முடியாது.

இன்னொன்றையும் சேர்த்துப் பார்க்க வேண்டும். எல்லாப் பழைய தொடருக்கும் இந்தப் பரபரப்பு வருவதில்லை. நன்றாக ஆரம்பித்து, நன்றாக முடிந்து, எல்லோரும் திருப்தியாகக் கலைந்து போன தொடர்களை மக்கள் அன்போடு நினைத்துக்கொள்வார்கள், அவ்வளவுதான். தூக்கத்தைக் கெடுப்பவை பாக்கி வைத்துவிட்டுப் போன தொடர்கள்.

'ஸ்லாம் டங்க்' வைத்த பாக்கி மிகப் பெரியது. இனோவே டகேஹிகோ வரைந்த மாங்கா, அதாவது படக்கதை, 1990 முதல் 1996 வரை வாராந்திர 'ஷோனென் ஜம்ப்' இதழில் வந்தது. மொத்தம் 31 தொகுதிகள். டோயெய் அனிமேஷன் அதைத் தொலைக்காட்சித் தொடராக எடுக்கத் தொடங்கியது 1993 அக்டோபரில். 101 பகுதிகள் ஓடி 1996 மார்ச்சில் தொடர் நின்றபோது, ஷோஹோகு அணி தேசியப் போட்டிக்குக் கிளம்புகிற கட்டம்தான் வந்திருந்தது. மாங்காவின் உச்சமே அதற்கப்புறம்தான். நாட்டின் மிக வலுவான அணியான சன்னோவுடன் மோதும் அந்த ஆட்டத்தைப் பல தொகுதிகளுக்கு நீட்டி, ஒவ்வொரு நொடியையும் ஒரு பக்கமாக விரித்து வரைந்திருந்தார் இனோவே. படித்தவர்கள் மூச்சைப் பிடித்துக்கொண்டு படித்த அந்த ஆட்டம் அசைந்து யாரும் பார்க்கவே இல்லை. தலைமுறை ஒன்று அதைத் தன் தலைக்குள்ளேயே ஓட்டிப் பார்த்துக்கொண்டிருந்தது. ஓட்டிப் பார்த்தபோது கேட்டது யார் குரல்? அந்தப் பழைய நடிகர்களின் குரல்தான். வேறு யார் பேசினாலும் தப்பாகத்தான் படும்.

படத்தின் பெயரில் 'ஃபர்ஸ்ட்' என்று இருக்கிறதே, உண்மையில் இது முதல் படம் அல்ல. 1994, 1995 ஆண்டுகளில் நான்கு குட்டிப் படங்கள் வந்திருக்கின்றன. பள்ளி விடுமுறைகளில் இரண்டு மூன்று தொடர்களின் படங்களைச் சேர்த்து ஒரே டிக்கெட்டில் காட்டும் வழக்கம் டோயெய்க்கு இருந்தது. அதற்காக எடுத்தவை இவை. மூலக்கதையைத் தொடாமல், பக்கவாட்டில் ஒரு சின்னக் கதை. 'டிராகன் பால்' படங்கள் பலவும் இந்த ரகம்தான். புது வில்லன் ஒருவன் வருவான், அடிபடுவான், போவான். அடுத்த வாரத் தொடரில் அவனைப் பற்றி யாருக்கும் ஞாபகம் இருக்காது. அந்தக் காலத்தில் அனிமே படம் என்றால் பெரும்பாலும் இதுதான். இன்று ஒரு படம் அறிவிக்கப்பட்டதும் ரசிகர்கள் கேட்கும் முதல் கேள்வி, இது மூலக்கதையைச் சேர்ந்ததா, மூல ஆசிரியர் இதில் இருக்கிறாரா என்பது. இந்த அனுபவத்தில் இருந்து பிறந்த கேள்வி அது.

சரி, தொலைக்காட்சியில் தோற்றதைத் தியேட்டரில் மீட்பது எப்போது ஆரம்பித்தது? அனிமே ரசிகர் கூட்டம் என்ற ஒன்று உருவானதே இப்படி ஒரு மீட்பில்தான்.

1974 அக்டோபரில் 'விண்வெளிப் போர்க்கப்பல் யமாட்டோ' தொடங்கியது. ஞாயிறு மாலை, அதே நேரத்தில் இன்னொரு சேனலில் 'ஹைடி' ஓடிக்கொண்டிருந்தது. ஆல்ப்ஸ் மலைச் சிறுமியிடம் விண்வெளிக் கப்பல் தோற்றது. 39 பகுதிகளாகத் திட்டமிட்டதை 26இல் முடித்துக்கொண்டார்கள். ஆனால் மறுஒளிபரப்புகளில் அதைப் பார்த்த உயர்நிலைப் பள்ளி, கல்லூரிப் பிள்ளைகள் விடவில்லை. ஊர் ஊராக ரசிகர் மன்றங்கள் கிளம்பின, கையால் எழுதி அச்சடித்த சிறு இதழ்கள் வந்தன. 1977 ஆகஸ்டில் தொடரை வெட்டி ஒட்டி ஒரு படமாக வெளியிட்டபோது, இரவெல்லாம் தியேட்டர் வாசலில் காத்துக் கிடந்தார்கள். அது புதுப் படம்கூட இல்லை, ஏற்கெனவே பார்த்ததுதான்! அடுத்த வருடமே 'அனிமேஜ்' என்ற மாத இதழ் வந்தது. முதல் அட்டையில் யமாட்டோ. கார்ட்டூன் சின்னப் பிள்ளைகளுக்கானது என்று நினைத்துக்கொண்டிருந்த பெரியவர்களுக்கு அந்த வரிசைதான் முதல் அதிர்ச்சி.

பின்னாலேயே ராட்சத இயந்திர மனிதர்களின் போர்க்கதையான 'கன்டம்'. 1979இல் தொடங்கி, 52 பகுதிகள் ஓட வேண்டியது 43இல் நிறுத்தப்பட்டது. மறுஒளிபரப்பும் பிளாஸ்டிக் மாடல்களும் சேர்ந்து அதைத் தூக்கி நிறுத்தின. முதல் திரைப்படம் வருவதற்கு முன்பு, 1981 பிப்ரவரி 22 அன்று, டோக்கியோவின் ஷிஞ்சுக்கு ரயில் நிலைய வாசலில் நடந்த விழாவுக்கு ஆயிரக்கணக்கில் இளைஞர்கள் திரண்டார்கள். இயக்குநர் டோமினோ யோஷியுகி மேடையேறிக் கூட்டத்தை அமைதிப்படுத்த வேண்டியிருந்தது. அனிமேக்குப் புது யுகம் பிறந்துவிட்டது என்று அங்கே ஒரு பிரகடனம் வாசித்தார்கள். விளம்பரத்துக்காக நடத்திய விழாதான், ஆனாலும் அன்று சொன்னது பலித்துவிட்டது.

யமாட்டோ வரிசையில் நின்ற வயதுக்காரர்கள் பின்னாளில் என்ன ஆனார்கள் என்று பார்த்தால் ஒரு சங்கிலி தெரியும். 'எவாஞ்சலியன்' என்ற புகழ்பெற்ற தொடரை எடுத்த அன்னோ ஹிதேஆகி தீவிர யமாட்டோ ரசிகர். 2012இல் யமாட்டோவை மறுபடியும் எடுத்தபோது, தொடக்கப் பாடல் காட்சிக்கான ஸ்டோரிபோர்டை வரைந்தவர் அவர்தான். பழைய தொடக்கக் காட்சியை நெருக்கமாகப் பின்பற்றிய காட்சி அது. பார்த்து வளர்ந்தவனே ஒருநாள் எடுப்பவன் ஆகிறான். எடுக்கும் இடத்தில் மட்டுமா? பணம் போடும் கம்பெனிகளின் திட்டப் பிரிவிலும் அந்தத் தலைமுறைதான் இன்று உட்கார்ந்திருக்கிறது. இருபது, இருபத்தைந்து வருடம் கழித்துப் பழைய தொடர்கள் திரும்பி வருவதற்கு இது ஒரு காரணம்.

இன்னொரு காரணம் வெறும் கணக்கு. ஜப்பானில் பிறப்பு குறைந்துகொண்டே போகிறது; குழந்தைகளை மட்டும் நம்பி அனிமே வியாபாரம் நடத்த முடியாது. நாற்பது வயது ரசிகனிடம் சொந்தச் சம்பளம் இருக்கிறது. அவன் 2,000 யென் டிக்கெட் எடுப்பான், நிகழ்ச்சி மலர் வாங்குவான், ப்ளூ-ரே வாங்குவான், மகனையும் கூட்டிக்கொண்டு வருவான். பெரும்பாலான அனிமேக்களுக்குப் பணம் வருவது 'தயாரிப்புக் குழு' என்ற ஏற்பாட்டின் வழியாக. பதிப்பகம், தொலைக்காட்சி நிலையம், விநியோகஸ்தர், இசை நிறுவனம், பொம்மைக் கம்பெனி என்று பலர் ஆளுக்கொரு பங்கு போட்டு, நஷ்டத்தையும் லாபத்தையும் பிரித்துக்கொள்வார்கள். இவர்கள் எல்லோரையும் சம்மதிக்க வைக்கப் புத்தம் புதுக் கதையைவிட, ஏற்கெனவே எல்லோருக்கும் தெரிந்த பெயர் வசதி. இதில் பெருமைப்பட எதுவும் இல்லை. அரைத்த மாவையே அரைக்கிறார்கள் என்று ரசிகர்களே திட்டுவதும் இதனால்தான்.

தொடராக எடுக்காமல் ஏன் படம்? தொடர் என்றால் வாரா வாரம் ஒரு பகுதி, மாதக்கணக்கில் கலைஞர்களைக் கட்டிப்போட வேண்டும். பெரிய ஓவியர்களும் அனுபவமுள்ள இயக்குநர்களும் அவ்வளவு காலம் சேர்ந்து கிடைப்பது கஷ்டம். படம் என்றால் இரண்டு மணி நேரத்தில் எல்லாச் சக்தியையும் கொட்டலாம். வயதான குரல் நடிகர்களுக்கும் அதுதான் தோது. 2019இல் 'சிட்டி ஹன்டர்' என்ற பழைய தொடர் படமாகத் திரும்பி வந்தபோது கமியா அகிராவே ஹீரோவுக்குப் பேசினார், பழைய 'கெட் வைல்ட்' பாட்டே முடிவில் ஒலித்தது. அந்தப் பாட்டு தொடங்கும் இடத்துக்காகவே போனவர்கள் உண்டு. இதைத் தொடராகப் பன்னிரண்டு வாரம் இழுத்திருந்தால் அந்தச் சிலிர்ப்பு நீர்த்துப் போயிருக்கும்.

ஜப்பானியத் தியேட்டர்களும் இதற்கேற்பப் பழகிவிட்டன. வாரத்துக்கு ஒரு பரிசு: ஒரு வாரம் சிறு புத்தகம், அடுத்த வாரம் ஓவிய அட்டை, அதற்கடுத்த வாரம் படத்தின் ஒரு துண்டு ஃபிலிம். 2009இல் ஒரு 'ஒன் பீஸ்' படத்துக்கு ஆசிரியரே வரைந்த 'பூஜ்ஜியத் தொகுதி'யை 15 லட்சம் பிரதிகள் அச்சிட்டுக் கொடுத்ததில் இருந்து இந்த வழக்கம் சூடு பிடித்தது. முழுத் தொகுப்பும் வேண்டும் என்பவர் ஒரே படத்தை நாலைந்து தடவை பார்த்துத்தான் ஆக வேண்டும். கத்தி ஆரவாரம் செய்ய அனுமதிக்கும் தனிக் காட்சிகளும் உண்டு. வசூல் எண்களைப் பார்க்கும்போது, ஒரே ஆள் பல டிக்கெட் வாங்கியிருப்பார் என்பதை ஞாபகம் வைத்துக்கொள்வது நல்லது.

பாக்கியைத் தீர்த்த கதைகளில் எனக்கு மிகவும் பிடித்தது 'கன்டம் சீட்'. 2002இல் தொடங்கிய தொடர். அதன் அடுத்த பாகம் 2005இல் முடிந்தது. 2006இல் படம் வருகிறது என்று அறிவித்தார்கள். அப்புறம் சத்தமே இல்லை. திரைக்கதை எழுதிய மொரோசவா சியாகி நோயுற்று 2016இல் இறந்துபோனார். இயக்குநர் ஃபுகுடா மிட்சுவோ அவருடைய கணவர். படம் இனி இல்லை என்றே பலரும் முடிவு கட்டியிருந்த நிலையில், மனைவி விட்டுச் சென்ற வரைவில் இருந்து அவர் படத்தை எடுத்து முடித்தார். 2024 ஜனவரியில் 'கன்டம் சீட் ஃப்ரீடம்' வெளியானது. 500 கோடி யென்னுக்கு மேல் வசூல், அதுவரை வந்த கன்டம் படங்களிலேயே அதிகம். படத்தில் குறை சொல்ல நிறைய இடம் இருக்கிறது. சில காட்சிகள் இருபது வருடத்துக்கு முந்தைய தொலைக்காட்சி நாடகம் போலவே இருக்கும். ரசிகர்கள் அதையும் சந்தோஷமாக ஏற்றுக்கொண்டார்கள். அதே ஹீரோ, அதே குரல், அதே பாணி இயந்திரச் சண்டை, அதே மிகை. பதினெட்டு வருடம் காத்திருந்தவன் கேட்டது அதைத்தானே.

குழந்தைகளும் அவர்களுடைய கூட்டாளிகளான டிஜிட்டல் பிராணிகளும் வரும் 'டிஜிமான்' வேறு வழியில் போனது. 1999இல் அதைப் பார்த்த பிள்ளைகள் பெரியவர்களாகிவிட்டார்கள் என்பதையே கதையாக்கினார்கள். 2020இல் வந்த 'லாஸ்ட் எவல்யூஷன் கிஸுனா' படத்தில் ஹீரோ தாய்ச்சி 22 வயதுக் கல்லூரி மாணவன். குழந்தைப் பருவம் முடிந்தால் கூட்டாளி டிஜிமானும் பிரிந்துவிடும் என்பது படத்தின் முடிச்சு. வளர்ந்துவிட்ட மனிதப் பாத்திரங்களுக்குப் புதுக் குரல்கள். டிஜிமான்களுக்குப் பழைய குரல்களே. தாய்ச்சியின் கூட்டாளி அகுமானுக்கு அன்று பேசிய சகாமோட்டோ சிகாதான் இன்றும். நாம் மாறிவிட்டோம், அது மாறவில்லை. இதை ஒரு வசனம்கூட இல்லாமல் குரல்களை வைத்தே சொல்லிவிட்டார்கள். 1999 தொடரின் தொடக்கப் பாடலான 'பட்டர்-ஃப்ளை'யைப் பாடிய வாடா கோஜி 2016இல் இறந்திருந்தார். தியேட்டரில் அவர் குரலில் அந்தப் பாட்டு தொடங்கியபோது அழாதவர்கள் குறைவாகத்தான் இருந்திருப்பார்கள்.

பயம் நிஜமானதும் உண்டு. 2009இல் ஹாலிவுட் நிஜ நடிகர்களை வைத்து எடுத்த 'டிராகன்பால்' படம் ரசிகர்களைக் கடுப்பேற்றியது. கடுப்பானவர்களில் மூல ஆசிரியர் டொரியாமா அகிராவும் ஒருவர். தான் சொன்ன திருத்தங்களைக் கேட்கவில்லை என்று பின்னால் வெளிப்படையாகவே சொன்னார். 2013இல் வந்த 'பேட்டில் ஆஃப் காட்ஸ்' அனிமே படத்தின் கதையில் அவர் முன்பு எப்போதும் இல்லாத அளவுக்கு இறங்கி வேலை செய்ததற்கு அந்த எரிச்சலும் காரணம். தியேட்டருக்கு 17 வருடம் கழித்து வந்த 'டிராகன் பால்' அனிமே படம் அது. ஓட்டம் நன்றாக இருந்தது, இரண்டு வருடத்தில் புதுத் தொடரே வந்துவிட்டது. ஒரு மோசமான படத்துக்கு நன்றி சொல்ல வேண்டும் என்றால் இதற்குச் சொல்லலாம்.

ரசிகன் கேட்டதைக் கொடுக்க மறுத்தே ஜெயித்தவர் அன்னோ. 2007 முதல் 'எவாஞ்சலியன்' கதையை நான்கு படங்களாக மறுபடியும் சொல்லத் தொடங்கினார். முதல் படம் பழைய தொடரை ஒட்டியே போனது, எல்லோரும் நிம்மதியாக உட்கார்ந்தார்கள். 2012இல் வந்த மூன்றாவது படம் கதையைப் பதினான்கு வருடம் தள்ளிப் போட்டு, தெரிந்த எதையும் மிச்சம் வைக்கவில்லை. பலருக்கு அது பெரிய துரோகமாகப் பட்டது. கடைசிப் படத்துக்கு 2021 மார்ச் வரை காக்க வேண்டியிருந்தது. அது 1,000 கோடி யென்னைத் தாண்டியது. 1995இல் தொடங்கிய கதையில் இருந்து அவரும் வெளியே வந்தார், ரசிகர்களையும் வெளியே அனுப்பி வைத்தார்.

இத்தனை பட்ட அனுபவம் இருப்பதால்தான் ரசிகர்கள் ஒரு முப்பது விநாடி டீசரைக் கோர்ட்டில் சாட்சியத்தைப் பார்ப்பது போலப் பார்க்கிறார்கள். எந்த ஸ்டூடியோ, யார் இயக்கம், பாத்திர வடிவமைப்பு யார், இசை பழைய ஆளா, பாத்திரத்தின் மூக்கு ஏன் இப்படி இருக்கிறது, கணினி வரைகலையா கையால் வரைந்ததா. கடைசிக் கேள்வி இன்னும் பலருக்குக் கௌரவப் பிரச்சினை.

'ஸ்லாம் டங்க்' படத்துக்கு இந்த எல்லாப் பரீட்சையிலும் முதலில் விழுந்தது பூஜ்ஜியம்தான். கணினி வரைகலை, புதுக் குரல்கள், கதை என்ன என்று வெளியாகும் நாள்வரை வாயைத் திறக்கவில்லை. கையில் இருந்த ஒரே நம்பிக்கை, எழுதி இயக்கியது இனோவே என்பது மட்டும். அவர் அதுவரை படம் இயக்கியதே கிடையாது. டிசம்பர் 3 அன்று உள்ளே போனவர்கள் படத்தின் தொடக்கப் பாடல் காட்சியில் பார்த்தது, வெள்ளைத் திரையில் பென்சில் கோடுகள் ஒவ்வொன்றாக விழுந்து, ஐந்து ஆட்டக்காரர்கள் உருவாகி, நம்மை நோக்கி நடந்து வருவது. அவருடைய கை. அந்த இடத்திலேயே பாதிச் சண்டை தீர்ந்துவிட்டது என்று நினைக்கிறேன்.

உள்ளே நடந்தது சன்னோ ஆட்டமேதான். நிஜ ஆட்டக்காரர்களின் அசைவைப் பதிவு செய்து, அதன்மேல் இனோவே திருத்தம் வரைந்து வரைந்து உருவாக்கிய ஆட்டம். ஆனால் நாயகன் மாறியிருந்தான். சகுராகியின் கண் வழியாக இருந்த கதை, மாங்காவில் அதிகம் பின்கதை இல்லாத குட்டை உருவப் பையன் மியாகி ரியோட்டாவுடையதாக ஆகியிருந்தது; ஒகினாவாவில் அண்ணனைக் கடலுக்குப் பறிகொடுத்த பையன். குரல்களும் அப்படித்தான்: கத்தலைக் குறைத்து, சாதாரணப் பள்ளிப் பையன்கள் பேசுவது போலப் பேச வைத்திருந்தார்கள். பழைய குரல்கள் அந்தத் தொனியில் பொருந்தியிருக்குமா என்பது இன்றும் ரசிகர்கள் பேசி முடிக்காத விவாதம். 2023 ஆகஸ்ட் இறுதிவரை, ஏறக்குறைய ஒன்பது மாதம், ஜப்பானில் படம் ஓடியது. 1,500 கோடி யென்னுக்கு மேல் வசூல். தென் கொரியாவிலும் சீனாவிலும் பெரிய வெற்றி. பழைய தொடரின் தொடக்கப் பாடலில் சில விநாடிகள் வரும் காமாகுராவின் கடலோர ரயில்வே கேட்டில் போட்டோ எடுக்க வரும் கூட்டம், அங்கே குடியிருப்பவர்களுக்குத் தலைவலியாகும் அளவுக்குப் பெருகியது.

மாங்காவைப் படித்தவர்கள் எல்லோரும் காத்திருந்தது ஆட்டத்தின் கடைசி நொடிகளுக்காக. இனோவே அந்தப் பக்கங்களை ஏறக்குறைய வசனமே இல்லாமல் வரைந்திருந்தார். படத்திலும் அந்த இடம் வந்ததும் சத்தம் எல்லாம் வடிந்துவிடுகிறது. மைதானத்தின் கூச்சல் இல்லை, இசை இல்லை. பந்து வரப்போகும் இடத்தில் சகுராகி கையைத் தூக்கி வைத்துக்கொண்டு நிற்கிறான். இடது கை சும்மா தாங்க மட்டும்தான் என்ற, ஒவ்வொரு ரசிகனுக்கும் மனப்பாடமான அந்த வரியைச் சொல்கிறான். உதடு மட்டும் அசைகிறது. குரல் இல்லை.